பொப்பி மலரும் பூவரசம் பூவும்



நவம்பர் 2ஆம் திகதி சேமக்காலைக்குச் சென்று நம்மவர் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுகிறோம். அதே மாதம் 11ஆம் திகதி, போரில் மாண்ட வீரரைப் பல நாடுகள் நினைவுகூருகின்றன. அந்நாள் எப்படித் தோன்றியது? அதற்கும் நமக்கும் என்ன தொடர்பு?

1918 நவம்பர் 11, காலை 11 மணிக்கு முதலாம் உலகப் போரின் மேற்கு முனையில் பீரங்கிகள் ஓய்ந்தன. மறு ஆண்டு அதே நேரத்தில் இரண்டு நிமிட மௌனம் அனுசரிக்கும்படி ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் கேட்டுக்கொண்டார். போர் நடந்த வயல்களில் பூத்த சிவப்புப் பொப்பி மலர் நினைவுச் சின்னமாயிற்று. 1921 முதல் பிரித்தானியாவில் அம்மலரைச் செய்து விற்று, முன்னாள் வீரருக்கு உதவினார்கள்.

இலங்கையிலும் பொப்பி விற்றார்கள். ஆனால் சேர்ந்த பணத்தின் பெரும் பகுதி கடல் கடந்து சென்றது. இந்நாட்டு வீரருக்குக் கிடைத்ததோ சொற்பம். இதனை ஏற்காத ஏலியன் பெரேரா என்ற முன்னாள் வீரர், 1931இல் அதே நாளில் சூரிய மலர் விற்கத் தொடங்கினார். சூரிய மலர் என்பது வேறொன்றுமல்ல, நம் வேலியோரத்துப் பூவரசம் பூதான். 1933இல் இளைஞர் கழகங்கள் இயக்கத்தைப் பொறுப்பேற்றன. ஆங்கிலேயப் பெண்மணியான டொரீன் யங் தலைவியானார். 1934-35இல் மலேரியா நாட்டை வாட்டியபோது, இவ்வியக்கத்தார் கிராமங்களில் நிவாரணப் பணி செய்தார்கள். இறந்தோர் பெயரால் சேர்க்கும் பணம் யாருடைய கண்ணீரைத் துடைக்கிறது என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி.

தலவில அன்னம்மாள் திருநாளுக்குப் போகிறவர்கள் பாலாவிச் சந்தியில் கற்பிட்டி வீதிக்குத் திரும்புகிறார்கள். அங்கேயுள்ள விமானத் திடல் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் தளமாயிருந்தது. சேற்றில் புதைந்த விமானங்களை யானைகள் இழுத்ததாம்! எங்கோ மூண்ட போர் நம் உப்பளக் கரைக்கும் வந்தது.

மாண்ட வீரருக்காகச் செபிப்பது திருச்சபைக்குப் புதிதல்ல. மக்கபேயர் இரண்டாம் நூல் 12ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். போரில் விழுந்தவர்களின் ஆடைகளுக்குள் விலக்கப்பட்ட விக்கிரகத் தாயத்துக்கள் காணப்பட்டன. யூதா அவர்களைத் தள்ளிவிடவில்லை. பணம் சேர்த்து, பாவப் பரிகாரப் பலிக்காக யெருசலேமுக்கு அனுப்பினார். குற்றமற்றவர்களுக்கு மட்டுந்தான் செபம் என்று அவர் எண்ணவில்லை. முதலாம் உலகப் போரில் பிணங்கள் குவிந்தபோது, 1915இல் பாப்பரசர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர், மரித்தோர் தினத்தில் ஒவ்வொரு குருவும் மூன்று திருப்பலி ஒப்புக்கொடுக்க அனுமதி அளித்தார்.

நம் நாட்டுப் போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. மே 18இல் தமிழர் முள்ளிவாய்க்காலில் தம் இறந்தோரை நினைக்கிறார்கள். மறுநாள் அரசு தன் படைவீரரை நினைக்கிறது. நாட்கள் வேறு, நினைப்போர் வேறு. மகனை இழந்த தாயின் வயிற்றெரிச்சல் ஒன்றே. ஒருவர் அழும்போது மற்றவர் முகம் திருப்பினால், நினைவு நாளே அடுத்த பகைக்கு வித்தாகிவிடும்.

ஆகவே, பெற்றோரே, இம்மாதக் குடும்பச் செபமாலையில் ஒரு பத்து மணியைப் போரில் இறந்த அனைவருக்காகவும் ஒப்புக்கொடுங்கள். நமக்கு எதிரே நின்றவர்களையும் சேர்த்தே. உங்கள் ஊரில் போரினால் விதவையானவர் இருந்தால் அவர் வீட்டுப் படியேறி நலம் விசாரியுங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள்.