ஊதச் சொன்னால் மறுக்கலாமா? குடிபோதைக் கைது பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

கார்வேட்டிநகரத்திலிருந்து கிழக்கே புத்தூருக்கும், தெற்கே மாநில எல்லை தாண்டிப் பள்ளிப்பட்டுக்கும் வண்டியில் சென்றுவருவோருக்கு, எல்லைக்கு இப்பால் ஒரு சட்டம், அப்பால் வேறொரு சட்டம் என்ற எண்ணம் எழுவது இயல்பே. ஆயினும் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைத் தண்டிக்கும் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் நாடாளுமன்றம் இயற்றியது ஆதலின், சித்தூர், திருப்பதி மாவட்டங்களிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் அதன் 185ஆம் பிரிவு ஒன்றே. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருப்பது சோதனையில் தெரிந்தால் குற்றம் என்கிறது அப்பிரிவு. இங்கிலாந்தில் இவ்வரம்பு 80 மில்லிகிராம் என்பதை நோக்கினால், நம் நாட்டுச் சட்டம் எவ்வளவு கண்டிப்பானது என்பது விளங்கும்.

தலைக்கவசம் அணியாததற்குச் சலான் கட்டுவதைப் போல, இதற்கும் அந்த இடத்திலேயே பணம் கட்டி முடித்துவிடலாம் என்பது பரவலான நம்பிக்கை. நீதிமன்றம் செல்லாமலேயே அதிகாரியிடம் தொகை செலுத்தித் தீர்த்துக்கொள்ளத்தக்க குற்றங்களை அச்சட்டத்தின் 200ஆம் பிரிவு பட்டியலிடுகிறது. அப்பட்டியலில் 185ஆம் பிரிவு இல்லை. 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையிலுள்ள திருத்தத்தின்படி, முதல் முறை ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும், மறுமுறை இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்று விதிப்பது நீதிமன்றமே. எனவே சாலையோரத்தில் ரசீதின்றிக் கைமாறும் பணத்தைச் சட்டம் அபராதமாகக் கருதுவதில்லை. கொடுத்தவர் மீதான வழக்கும் அதனால் தீர்வதில்லை.

தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியலமைப்பின் 20(3) உறுப்பு கூறுவதால், கருவியில் ஊத மறுக்கலாம் என்போர் படித்தவர்களிடையேயும் உள்ளனர். காத்தி காலு ஓகத் வழக்கில் 1961இல் பதினொரு நீதிபதிகள் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, கைரேகை போன்ற உடல் அடையாளங்களைத் தருவது அவ்வுறுப்பு தடுக்கும் சாட்சியம் ஆகாது என்று தீர்த்துவிட்டது. மறுப்பவரைப் பிடியாணையின்றிக் கைது செய்ய 203ஆம் பிரிவும், நிலையத்தில் மருத்துவரைக் கொண்டு இரத்தம் எடுக்கக் கோர 204ஆம் பிரிவும் இடமளிக்கின்றன; தக்க காரணமின்றி மறுத்தால், அம்மறுப்பே அரசுத் தரப்புக்கு வலுச்சேர்ப்பதாகக் கொள்ளப்படலாம் என்கிறது 205ஆம் பிரிவு. இரத்தம் கொடுப்பவர் பெண்ணாகவும் மருத்துவர் ஆணாகவும் இருப்பின், வேறொரு பெண் உடனிருக்க வேண்டும் என்பது கட்டாயம்.

வாயில் வாடை வந்தாலே குற்றம் உறுதி என்பது இதற்கு நேர்மாறான பிழை. மது வாடை, தள்ளாடும் நடை, குழறும் பேச்சு ஆகியவற்றைக் கொண்டு மட்டும் ஒருவர் போதையில் வண்டி ஓட்டினார் என்று முடிவுகட்ட இயலாது என உச்ச நீதிமன்றம் பச்சுபாய் கர்யானி வழக்கில் 1971லேயே கூறியது. இதனால்தான் நேரம் முக்கியமாகிறது. அதிகாரியின் கண்முன் நிகழ்ந்த குற்றத்திற்காக 202ஆம் பிரிவின்கீழ் கைதானவரை இரண்டு மணி நேரத்திற்குள் மருத்துவச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். தவறினால் காவலிலிருந்து விடுவித்தாக வேண்டும். பலர் கேட்டறியாத இவ்விதி, அளந்து அறியாமல் ஒருவரை இரவெல்லாம் உட்கார வைப்பதைத் தடுக்கும் அரிய காப்பு; ஆதலின் கைதான நேரம் ஆவணத்தில் சரியாகக் குறிக்கப்பட்டுள்ளதா என்று பார்ப்பது கைதானவரின் முதல் வேலை. விடுவிக்கப்பட்டாலும் வழக்கு தொடர வாய்ப்புண்டு என்பதையும் மறக்கலாகாது.

கைது என்றாலே சிறை என்ற அச்சம் ஏழைக் குடும்பங்களைக் கடனுக்குள் தள்ளுகிறது. மூன்று ஆண்டுக்குக் குறைந்த தண்டனையுடைய இக்குற்றம் பிணையில் விடத்தக்கது, அதாவது ஜாமீன் கேட்டுப் பெறுவது உரிமை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 478ஆம் பிரிவு, ஜாமீன்தாரர் கிடைக்காத ஏழையைச் சொந்தப் பிணைப்பத்திரத்தின் பேரில் விடவும் வழிசெய்கிறது. விபத்தில் உயிர் போய், கொலையாகாத மரணம் விளைவித்ததாக வழக்குப் பதிந்தால் நிலைமை வேறு. எவ்வாறாயினும் உறவினருக்குத் தகவல், வழக்கறிஞரைச் சந்திக்கும் வாய்ப்பு, காவலில் வைத்தால் 24 மணி நேரத்திற்குள் நீதிபதி முன் நிறுத்தப்படுதல் ஆகியவை கைதான எவருக்கும் உரியவை. இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண் உள்ளது.

தமிழே படிக்கத் தெரிந்தவர்கள் மிகுந்த இவ்வட்டாரத்தில், தெலுங்கில் எழுதிய தாளில் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டாக வேண்டும் என்ற நம்பிக்கையே மிகுந்த கேடு விளைவிப்பது. கைதுக்கான காரணங்களைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் பயனுள்ள வகையில் தெரிவிக்க வேண்டும் என்று விஹான் குமார் வழக்கில் 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. கைதுக் குறிப்பில் குடும்பத்தினர் ஒருவரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும் என்பதால், இரு மொழியும் படிக்கத் தெரிந்த ஒருவரை அவ்விடத்திற்கு அழைப்பது நன்று. படித்துக் காட்டக் கேட்பதும், கையெழுத்தின்கீழ்த் தேதியையும் நேரத்தையும் தமிழில் எழுதுவதும் எவ்வகையிலும் குற்றமாகா.

வண்டி பறிபோய்விடும் என்பதும் முழு உண்மையன்று. போதையை மட்டும் காரணமாக்கி வண்டியைப் பிடித்து வைக்க அதிகாரம் இல்லை என்றும், மது அருந்தாத, உரிமமுள்ள ஒருவர் உடனிருந்தால் அவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021இல் கூறியது. 2019 ஜனவரி முதல் ஆந்திரத்திற்குத் தனி உயர் நீதிமன்றம் இருப்பதால் அத்தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. எனினும் எடுத்துக்காட்டி வாதிடத் தக்கது. ஓட்டுநர் உரிமத்தை வாங்கிக்கொண்டு தகுதியிழப்பு நடவடிக்கைக்கு அனுப்ப 206ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. அவ்வாறு வாங்கும் அதிகாரி தற்காலிக ஒப்புகைச் சீட்டு தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் உள்ளது ஆதலின், அச்சீட்டைக் கேட்டு வாங்காமல் அவ்விடம் விட்டு நகரக் கூடாது.