சிற்றறையில் தாழ்ந்த ஒலிகள்

கோலார் தங்கவயலின் ஆழ்சுரங்கங்களில் நிகழ்ந்த பாறைவெடிப்புகள் மேற்பரப்பிலுள்ள வீடுகளையும் உலுக்கியதுண்டு. சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டன. ஆயினும் அவை உணர்த்திய உண்மை நிலைத்துள்ளது. தாழ்ந்த அதிர்வுகள் நெடுந்தொலைவு செல்லும். சுவர்கள் அவற்றை எளிதில் தடுப்பதில்லை. அங்குள்ள வரிசை வீடுகளில், அண்டைவீட்டாருடன் ஒரே சுவரைப் பகிரும் அறையில் இசைப்பதிவு செய்ய விரும்புவோர் இதனை முதற்கண் அறிதல் வேண்டும்.

பேஸ் கிதாரின் அடித்தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அவ்வொலியின் அலைநீளம் 8.4 மீட்டர். அறையின் நீளமோ 3 மீட்டர் எனக் கொள்வோம். அவ்வறையில் 57 அதிர்வெண்ணுடைய ஒலி நிலையலையாகி, எதிரெதிர்ச் சுவர்களின் அருகே மிகுந்தும் நடுவே குறைந்தும் கேட்கும். நடுவில் அமர்ந்தவர் தாழ்ந்த ஒலி போதவில்லை எனக் கருதி, சப்வூஃபருக்குப் பொருள் செலவிடுவார். குறை அறையினுடையது, கருவியினுடையதன்று.

ஆகவே, ஐந்தங்குல மானிட்டர் ஒலிபெருக்கிகள் இரண்டே தொடக்கத்திற்குப் போதும். அவையும் கேட்பவரும் சமபக்க முக்கோணமாக, அறையின் நடுப்புள்ளி தவிர்த்து அமைதல் நன்று. மெல்லிய நுரைத்தகடு உயர்ந்த ஒலிகளையே உறிஞ்சும். பின்னர் சப்வூஃபர் வாங்க நேரின், அதனை இருக்கையில் வைத்து ஒலிக்கச் செய்து, சுவரோரமாகச் சுற்றி வருக. ஒலி சீராகக் கேட்குமிடமே அதற்குரிய இடம்.

செய்முறை: சிறிய அறையொன்றின் நீளத்தை மீட்டரில் அளந்து, அதன் இருமடங்கால் 344-ஐ வகுக்க. கிடைக்கும் அதிர்வெண்ணை மூலையில் வைத்த ஒலிபெருக்கி வழியே எழுப்பி, மாணவரைச் சுவரிலிருந்து நடுவிற்கு நடக்கச் செய்க. வேறுபாட்டைச் செவியே உணரும்.