மழைத் தண்ணீர் வடிந்த பிறகு வரும் நோய்



இன்று பல தோட்டங்கள் தாமான்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கின்றன. பால்மரமும் செம்பனையும் நின்ற இடத்தில் மண்ணைக் கொட்டி உயர்த்தி வீடு கட்டுகிறார்கள். நம் லயன்கள் பள்ளத்தில் நிற்கின்றன. "முன்னெல்லாம் இப்படித் தண்ணி ஏறாதே, இப்ப மட்டும் ஏன் ஏறுது?" என்று பலர் கேட்கிறார்கள்.

மரமும் புல்லும் உள்ள மண் மழைநீரைக் குடிக்கும். மீதி மெதுவாக வடியும். கூரையும் தார் ரோடும் குடிக்காது. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 100 சதுர மீட்டர் கூரையில் 60 மில்லிமீட்டர் பெய்தால் 6,000 லிட்டர்! நூறு வீட்டுத் தண்ணீர் ஒரே நேரத்தில் ஓடிவந்தால் பழைய லோங்காங் தாங்குமா? வெட்டிப் போட்ட மண்ணும் கூடவே வந்து அடைத்துக்கொள்ளும்.

தண்ணீர் வடிந்ததும் ஆபத்து போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அப்போதுதான் நோய் தலைகாட்டும்.

1. எலிக் காய்ச்சல்: எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் கால் புண், வெடிப்பு வழியாகக் கிருமியை உள்ளே விடும். பெரும்பாலும் ஒன்று, இரண்டு வாரத்தில் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வரும். கவனிக்காவிட்டால் சிறுநீரகமும் ஈரலும் கெட்டுப்போகும், உயிருக்கே ஆபத்து.

2. டிங்கி: டின், டயர், அடைத்த கூரைத் தாழ்வாரம் இவற்றில் நிற்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும்.

3. வயிற்றுப்போக்கு, டைபாய்டு: சாக்கடை கலந்த தண்ணீர் வாய்க்குப் போனால் வரும்.

வீட்டில் செய்ய வேண்டியவை:

- சேறு அள்ளும்போது பூட்ஸ், கையுறை போடுங்கள். பிள்ளைகளை வெள்ளத்தில் விளையாட விடாதீர்கள்.
- தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.
- வாரம் ஒருமுறை வீட்டைச் சுற்றி, தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள். லோங்காங்கில் குப்பை போடாதீர்கள்.
- காய்ச்சல் வந்தால் அஸ்பிரின் சாப்பிடாதீர்கள். டிங்கியாக இருந்தால் ரத்தக் கசிவு கூடும். உடனே கிளினிக்குக்குப் போய், "வெள்ளத்துல நடந்தேன்" என்று கட்டாயம் சொல்லுங்கள்.

வீட்டைச் சுத்தமாக வைத்தால் மட்டும் மேட்டிலிருந்து வரும் தண்ணீர் நிற்காது. வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் மழைநீர் வழிகாட்டி 2001-ஆம் ஆண்டு நடப்புக்கு வந்தது, 2012-இல் திருத்தப்பட்டது. கட்டுமானத்துக்கு முன் பெருமழையில் ஓடிய வேகத்தைவிட அதிக வேகத்தில் தண்ணீர் வெளியேறக்கூடாது என்பதே அதன் அடிப்படை. அதற்காகத்தான் மேம்பாட்டாளர் தண்ணீரைத் தேக்கி மெதுவாக விடும் குளம் வெட்ட வேண்டியிருக்கிறது. மண்ணை வெட்டும் காலத்தில் சேறு பிடிக்கும் குழியும் வேண்டும்.

ஆகவே தண்ணீர் ஏறினால் தேதி, நேரம், எத்தனை அடி என்று எழுதி வையுங்கள், படமும் எடுங்கள். தனி ஆளாகப் போய்ச் சத்தம் போடாமல், தோட்டக் கமிட்டி வழியாக நிர்வாகத்துக்கும் நகராண்மைக் கழகத்துக்கும் இலாகாவுக்கும் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். வாய்ப் பேச்சு காற்றோடு போகும். எழுத்துக்குப் பதில் கேட்கலாம்.