பத்தொன்பது வயதில் பத்தாம் வகுப்பு

எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்து மலையோர ஊர்களில் பதினைந்து வயதுப் பெண்ணைத் தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுப்பதைத் தப்பென்று சொல்ல ஆளில்லை. எனக்கும் அப்படித்தான் முடித்தார்கள். பிறகு அடி, உதை. அதை இதற்குமேல் எழுத விருப்பமில்லை. வெளியே வந்த பிறகு பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்ல வேண்டும்.

அம்மா வீட்டுக்குத் திரும்பியதும் சிலர் 'வாழாவெட்டி' என்றார்கள். இரக்கப்பட்டவர்கள் 'பாவம் அந்தப் பொண்ணு' என்றார்கள். இரண்டுமே என்னைச் சுருக்கின.

எனக்கு நிமிர்வு தந்தது சட்டம்தான். சிறுவயதில் கட்டிவைக்கப்பட்டவர் அந்தத் திருமணமே செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம் என்கிறது 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம். விவாகரத்து வேறு, இது வேறு. 18 வயது நிறைந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட்டாக வேண்டும். கொடுத்த பணத்தையும் நகையையும் திருப்பித் தரச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம், ஜீவனாம்சமும் உண்டு. வக்கீல் செலவுக்குப் பயப்படாதீர்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள்.

தீர்ப்பு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ராத்திரியில் கதவுச் சத்தம் கேட்டாலே எனக்கு உடம்பு நடுங்கும். மனநல ஆலோசனைக்குப் போனபோது ஆலோசகர் அக்கா, "உனக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்?" என்று கேட்டார். பதில் வரவில்லை. களியா சோறா என்று கேட்டால் 'எது இருக்கோ அது' என்று சொல்லியே பழகியிருந்தேன். அன்றிலிருந்து தினமும் ஒரு விஷயத்தையாவது நானே முடிவு செய்தேன். என்ன சமைப்பது, எந்தப் பஸ்ஸில் போவது, யாரிடம் பேசாமல் இருப்பது. அற்பமாகத் தெரியும். ஆனால் 'எனக்கு வேண்டாம்' என்று சொல்ல வாய் வந்தது அதனால்தான்.

நின்றுபோன பத்தாம் வகுப்பைப் பத்தொன்பது வயதில் தனித்தேர்வராக எழுதி முடித்தேன். டிசி, பிறப்புச் சான்றிதழ், ஆதார் மூன்றும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். வங்கிக் கணக்கும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். புது இடத்தில் யார் கேட்டாலும் முழுக்கதையையும் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. யாரிடம், எவ்வளவு என்பது உங்கள் உரிமை.

மனசு தாங்காத ராத்திரிகளில் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. வேறு உதவிக்கு, 18 ஆகாதவர்கள் குழந்தைகள் உதவி எண் 1098க்கும் மற்றவர்கள் பெண்கள் உதவி எண் 181க்கும் அழைக்கலாம். உங்களுக்கு இன்னும் 20 வயது ஆகவில்லை என்றால், மனுவைத் தள்ளிப்போடாதீர்கள் தங்கச்சிகளே.