மாலிக் அம்பர்

மாணவர்களே! விஜயபுரத்துக் கோல் கும்பஸை உங்களுள் சிலர் கல்விச் சுற்றுலாவில் கண்டிருப்பீர்கள். அதனை எழுப்பிய பிஜப்பூர் அரசிலும், அதற்கு வடக்கே இருந்த அகமதுநகர் அரசிலும் பணியாற்றிய ஆப்பிரிக்கர் ஒருவரைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம்.

கி.பி. 1548ஆம் ஆண்டளவில் எத்தியோப்பியாவில் பிறந்த அச்சிறுவனின் இயற்பெயர் சாப்பு. இளமையிலேயே அடிமையாக விற்கப்பட்டுக் கைமாறிக் கைமாறிச் சென்றான். பாக்தாத்தைச் சேர்ந்த மீர் காசிம் என்பவர் அவனுக்குக் கல்வி அளித்து, அம்பர் என்று பெயரிட்டார். விலைகொடுத்து வாங்கியவர் பெயரையும் மாற்றிவிடுவது அக்கால வழக்கம்.

பின்னர் அகமதுநகரின் பேஷ்வா, அதாவது முதலமைச்சர், செங்கிஸ்கான் அவரை வாங்கினார். (மங்கோலியச் செங்கிஸ்கான் வேறு, இவர் வேறு.) இந்தச் செங்கிஸ்கானும் ஒருகாலத்தில் அடிமையாக வந்த ஆப்பிரிக்கரே! ஆட்சிமுறையை அம்பர் இவரிடம் பயின்றார். இவர் மறைந்தபின் விடுதலை பெற்றார். சிலகாலம் பிஜப்பூரில் பணிபுரிந்து, மீண்டும் அகமதுநகருக்கே திரும்பினார்.

1600இல் அக்பரின் படை அகமதுநகர்க் கோட்டையைக் கைப்பற்றியது. அவ்வரசு அழிந்தது போலவே தோன்றியது. அம்பரோ அரச குடும்பத்து இளைஞர் ஒருவரை அரியணையில் அமர்த்தி, தாமே பேஷ்வா ஆனார். பெரும்படையை நேர்நின்று வெல்வது அரிது என்பதை உணர்ந்து, சிறு குதிரைப்படைகளைக் கொண்டு இரவில் தாக்கினார். பகைவருக்கு உணவு வரும் வழிகளை அடைத்தார். அம்பரின் வெட்டுண்ட தலைமீது தாம் அம்பெய்வது போன்ற ஓர் ஓவியம் ஜஹாங்கீருக்காக வரையப்பட்டது. ஓவியத்தில்தான் அது நிகழ்ந்தது! 1624இல் பட்வாடி என்னுமிடத்தில் முகலாயரும் பிஜப்பூராரும் சேர்ந்து வந்தபோதும் அம்பரே வென்றார்.

போரினும் நான் பெரிதாக மதிப்பது அவரது நீர்ப்பணியை. 1610இல் கட்கி என்னும் ஊரைத் தலைநகராக்கினார். அதுவே பிற்காலத்து ஔரங்காபாத். இன்றைய சத்ரபதி சம்பாஜிநகர். நிலத்தடிக் கால்வாய் அமைத்து அந்நகருக்கு நீர் கொணர்ந்தார். விளைச்சலை அளந்து அதற்கேற்ப வரி விதித்தார். 1626இல் மறைந்த அவரது கல்லறை குல்தாபாத்தில் உள்ளது.

பட்வாடியில் அம்பரின் பக்கம் நின்ற ஷாஹாஜி, பின்னர் பெங்களூரில் வாழ்ந்தார். அவருடைய மகன் ஏகோஜியே தஞ்சாவூரில் மராட்டிய ஆட்சியை நிறுவியவர். ஆப்பிரிக்காவில் பிறந்த ஒருவரின் வரலாறு நம் காவிரிக் கரைவரை நீள்வதைக் காணுங்கள்!

நமது கர்நாடகத்திலும் எல்லாப்பூர், ஹளியாள் பகுதிகளில் ஆப்பிரிக்க முன்னோரைக் கொண்ட சித்தி மக்கள் வாழ்கின்றனர். அவர்கள் கொங்கணியும் கன்னடமும் பேசுகின்றனர்.

பயிற்சி

1. 'சாப்பு' எவ்வாறு 'அம்பர்' ஆனான்?
2. முகலாயரை அம்பர் எதிர்த்த முறையை ஐந்து வரிகளில் எழுதுக.
3. பிரித்து எழுதுக: நேர்நின்று, வெட்டுண்ட, நிலத்தடி.
4. உங்கள் குடும்பம் எவ்வூரிலிருந்து, எப்பொழுது மைசூருக்கு வந்தது? தாத்தா பாட்டியிடம் கேட்டு ஒரு பத்தி எழுதுக.