நெடுவழிக்கு மிதிவண்டியைச் சிக்கனமாய்ச் சித்தஞ் செய்தல்

எண்ணூரிலிருந்து கடற்கரைச் சாலை வழியே மாமல்லபுரம், புதுச்சேரி, கடலூர், காரைக்கால், நாகூர் கடந்து வேளாங்கண்ணி செல்ல முந்நூறு கிலோமீட்டருக்கு மேலாகும். ஆகஸ்டு 29-ல் அங்கு நடைபெறும் கொடியேற்றத்திற்கு மிதிவண்டியிற் செல்ல விரும்பும் அங்கத்தினர் புது வண்டி வாங்கிக் கடன்பட வேண்டுவதில்லை. 28 அங்குலச் சக்கரமுள்ள சாதாரண வண்டியே போதுமானது. 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை நிறுவப்பட்டது முதலாக இவ்வகை வண்டி நம் ஊர்களிற் பரவியுள்ளது. அதன் உறுப்புகள் விலை குறைந்தவை. வழியிலுள்ள சிற்றூர்க் கடைக்காரரும் அதனைப் பழுது பார்க்க அறிவார்.

நம் பகுதியில் வண்டிக்கு முதற்பகை உப்புக் காற்று. இரும்பின்மேற் படிந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்வதால், மழையில்லா நாளிலும் துரு ஏறும். ஆகவே முதலில் நல்ல தண்ணீரால் வண்டியைக் கழுவி, நன்கு உலர்த்திய பின்னரே எண்ணெயிடுக. அதன்பின் கீழ்க்கண்ட வரிசையிற் சோதித்தல் நலம்.

1. சட்டமும் போர்க்கும்: ஹாண்டில்பாருக்குக் கீழே குழாய்கள் கூடுமிடத்தையும் போர்க்கின் தோள்களையும் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். மயிரிழை வெடிப்புக் காணினும் அவ்வண்டியைப் பிரயாணத்திற்குக் கொள்ளலாகாது. இதிற் சிக்கனம் பார்ப்பது உயிருக்கு ஆபத்து.

2. பிரேக்: மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை சரிவரப் பிடிக்காது. துறைமுகச் சரக்கு லாரிகள் ஓடும் எண்ணூர்ச் சாலையில் இதனை மறத்தலாகாது. தேய்ந்த கட்டைகளை மாற்றுக. ரிம்மில் எண்ணெய்ப் பசை இன்றித் துடைக்குக.

3. டயரும் டியூபும்: நூலிழை வெளித் தெரியும் டயரை விலக்குக. வால்டியூப் மிகச் சொற்ப விலையுடையது. ஆயினும் அது வெடித்தால் பிரயாணம் நின்றுபோம். புறப்படுமுன் இரண்டையும் மாற்றி, நான்கைந்து உடன் வைத்துக்கொள்க. காற்றுக் குறைந்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே டியூப் நசுங்கி இரட்டைக் கிழிசல் உண்டாகும்.

4. ஸ்போக்ஸ் கம்பிகள்: ஒவ்வொன்றையும் விரலால் தட்டுக. மந்தமாய் ஒலிப்பது தளர்ந்தது. சுமை பின்சக்கரத்தில் தங்குவதால் அங்குள்ளவற்றை, முக்கியமாக அச்சினருகே வளையுமிடத்தில் துருப்பிடித்தவற்றை, மாற்றுதல் அவசியம்.

5. செயின்: மண்ணெண்ணெயிற் கழுவி அளவுகோல் வைத்துப் பார்க்குக. புதுச் செயினில் ஓர் ஆணி நடுவிலிருந்து 24 கண்ணிகள் எண்ணினால் சரியாக 12 அங்குலம் இருக்கும். அது 12 அங்குலமும் எட்டில் ஒரு பங்கும் ஆகிவிட்டால் செயினை மாற்றுக. பற்சக்கரங்களும் தேய்ந்திருக்கக் கூடும். இந்நிலை வருமுன் மாற்றுவோர்க்குச் செயின் செலவோடு முடியும். தேங்காயெண்ணெய் பிசுபிசுத்து மண்ணைச் சேர்ப்பதால் அதனை இடற்க.

6. குண்டுகள்: சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைக்கையில் ஆட்டமிருந்தால் கோனை இறுக்குக, சுழற்றுகையில் கரகரவென்றால் பிரித்து, பழைய குண்டுகளை நீக்கிப் புதியன இட்டுக் கிரீஸ் தடவுக.

கைப்பொருள் குறைவாயின் பிரேக் கட்டை, டியூப், டயர், கம்பி, செயின் என்னும் முறையிற் செலவிடலாம். வர்ணம், அலங்காரம் ஆகியவற்றைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்.

புறப்படுவதற்கு இரு வாரங்களுக்கு முன், முழுச் சுமையுடன் மீஞ்சூர், பொன்னேரி வழியே பழவேற்காடு சென்று மீள்க. புதுக் கம்பிகள் தளர்வதும், நட்டுகள் கழல்வதும் முதல் ஓட்டத்திலேயே தெரிந்துவிடும். வீட்டருகே தெரிந்த குறையைத் திருத்துவது எளிது. பிரயாண நாட்களில் விடியுமுன் கிளம்புக. நண்பகலுக்குமேல் தென்கிழக்கிலிருந்து எழும் கடற்காற்று தெற்கே செல்வோர்க்கு எதிராகும்.

கம்பிச்சாவி, செயின் ஆணி கழற்றும் கருவி, கோன் ஸ்பானர், பம்பு ஆகியன ஒருவருக்கு ஆண்டில் சில நாட்களே பயன்படும். ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்குதல் வீண். சங்கம் ஒரு தொகுதி வாங்கிப் பதிவேட்டிற் குறித்து இரவல் கொடுத்தால் அனைவர்க்கும் உதவும். 1904-ல் நம் அண்டையிலுள்ள திரூரில் கூட்டுறவு நாணயச் சங்கம் தோன்றியதும், தனியே இயலாததைக் கூடிச் செய்தற்பொருட்டே. அடுத்த கூட்டத்தில் அங்கத்தினர் இதனை ஆலோசிப்பாராக.