முதல் சீட்டை இறக்கும் முன்

திண்டுக்கல் பக்கம் சீட்டுக்கட்டைக் கையில் எடுத்தாலே ரம்மிதான். எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று பதின்மூன்று சீட்டை வைத்துக் கணக்குப் போடும் பழக்கம் இங்கே பலருக்கும் உண்டு. அந்தப் பழக்கத்தோடு பிரிட்ஜுக்கு வருபவர்களுக்கு ஏலம் சீக்கிரம் பிடிபடுகிறது. துருப்பால் வெட்டுவதும் பிடிபடுகிறது. அவர்கள் தடுமாறுவது டிக்ளேரராக உட்காரும்போதுதான். கூட்டாளியின் சீட்டுகள் டம்மியாக எதிரே விரிந்து கிடக்கும்; இருபத்தாறு சீட்டையும் ஒருவரே ஆடியாக வேண்டும். ஆடியும் பார்த்தும் நான் வந்து சேர்ந்த முடிவு இது: சீட்டு போதாமல் தோற்கும் டிக்ளேரரைவிட வரிசை தவறித் தோற்பவர்களே அதிகம். எதை முதலில் தொடுவது, எதைக் கடைசிக்கு வைப்பது என்பதை டம்மியிலிருந்து முதல் சீட்டை இறக்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஏலம் மூன்று நோ-டிரம்பில், அதாவது துருப்பே இல்லாத ஆட்டத்தில், முடிந்திருக்கிறது. ஒன்பது பிடி வேண்டும். எண்ணினால் எட்டுதான் உறுதி. ஒன்பதாவதுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. டைமனில் டம்மியிடம் ஏஸும் ராணியும், நம் கையில் சிறு சீட்டுகள். ராஜா நமக்கு இடப்பக்கத்தவரிடம் இருந்தால் ராணி பிடிக்கும். அதற்கான வாய்ப்பு 50 சதவீதம். ஆட்டினில் (ஹார்ட்ஸ்) நம் கையில் ஏஸ், ராஜா, ராணி, ஒரு நாலு. டம்மியில் மூன்று சிறு சீட்டுகள். எதிராளிகளிடம் உள்ள ஆறு ஆட்டினும் மூன்றுக்கு மூன்றாகப் பிரிந்திருந்தால் நம்முடைய நாலு பிடியாகும், அதற்கு 35.5 சதவீதம். ஸ்பேடில் நம் ஏஸ் ஏற்கெனவே போய்விட்டது. கை ஒருமுறை மாறினால் எதிராளிகள் ஸ்பேடாக எடுத்துத் தள்ளிவிடுவார்கள். அவசரக்காரர் பெரிய எண்ணைப் பார்த்து டைமனுக்கு ஓடுவார். ராஜா தவறான பக்கம் இருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. ஆட்டின் சரியாகப் பிரிந்திருந்தும் பயனில்லை. நிதானமானவர் முதலில் ஆட்டினில் மூன்று பெரிய சீட்டையும் எடுப்பார். அதில் பிடி எதுவும் நழுவாது. பிரிந்திருந்தால் ஒன்பது கிடைத்துவிட்டது. பிரியாவிட்டால் மீதமுள்ள 64.5 சதவீதத்தில் பாதியை டைமன் தரும். மொத்தம் ஏறத்தாழ 68. அதே சீட்டுகள்தான், வரிசையை மாற்றியதில் பதினெட்டு சதவீதம் கூடியிருக்கிறது.

இது ஒரு ஆட்டத்தின் விசேஷம் அல்ல. நோ-டிரம்பில் எதிராளி ஸ்பேடு இறக்குகிறார். கையில் ஏஸோடு மூன்று, டம்மியில் இரண்டு. ஏஸை உடனே போடத் தோன்றும். ஏழிலிருந்து நம் இரு கையிலும் உள்ள ஸ்பேடுகளின் எண்ணிக்கையைக் கழிக்கச் சொல்கிறது ஒரு பழைய விதி: ஏழில் ஐந்து போக இரண்டு. இரண்டு முறை விட்டுக்கொடுத்து மூன்றாவதில் ஏஸைப் போட்டால், எதிராளிகளின் எட்டு ஸ்பேடும் ஐந்துக்கு மூன்றாகப் பிரிந்திருக்கும்போது, மூன்று வைத்திருந்தவரிடம் திருப்பிக் கொடுக்க ஸ்பேடு இருக்காது. பிறகு கை அவரிடம் போனாலும் ஆபத்தில்லை. துருப்பு ஆட்டத்திலும் இதே கதைதான். துருப்பை முதலில் இழுத்துவிடு என்று புதியவர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். டம்மியின் துருப்பால் வெட்டித்தான் ஒரு பிடி வர வேண்டும் என்றால் அந்த விதி நம்மையே கவிழ்த்துவிடும். அங்கே வெட்டு முதலில், இழுப்பது பிறகு.

சீட்டு வராவிட்டால் வரிசை என்ன செய்யும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 68 சதவீத வழியும் மூன்றில் ஒருமுறை தோற்கத்தான் செய்யும். ஒரு நாள் தோற்றதற்காக அந்த வழி தவறாகிவிடாது. போட்டிப் பிரிட்ஜ் இந்தக் கேள்விக்கு விடை வைத்திருக்கிறது. ஒரே கைகளைப் பல மேசைகளில் ஆடவிட்டு, அதே சீட்டில் மற்றவர்கள் எடுத்ததோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுகிறார்கள். அப்படித்தான் 2015இல் சென்னையில் நடந்த உலக அணிப் போட்டியில் போலந்து பெர்முடா கோப்பையை வென்றது. பிரிட்ஜ் முதல்முறை சேர்க்கப்பட்ட 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் ஜோடி இந்தியாவுக்குத் தங்கம் கொண்டுவந்தது. ரம்மி திறமை ஆட்டம் என்று 1967இல் சொன்ன உச்ச நீதிமன்றம், அதிலுள்ள அதிர்ஷ்டத்தைப் பிரிட்ஜில் சீட்டு பகிரும்போது உள்ள அதிர்ஷ்டத்தோடு ஒப்பிட்டது. அதிர்ஷ்டம் பகிர்வில் இருக்கிறது. ஆடுவது நம் கையில்.

இத்தனை சதவீதத்தை யார் மனப்பாடம் செய்வது என்பது அடுத்த தயக்கம். மூன்று எண்கள் போதும். எதிராளிகளிடம் நான்கு சீட்டு இருந்தால் மூன்று-ஒன்று என்று பிரிய ஏறத்தாழ 50, ஐந்து இருந்தால் மூன்று-இரண்டுக்கு 68, ஆறு இருந்தால் நான்கு-இரண்டுக்கு 48. ஒற்றைப்படை சீட்டுகள் ஏறக்குறைய சமமாகப் பிரியும். இரட்டைப்படை, இரண்டே சீட்டு இருக்கும் நிலையைத் தவிர, சமமின்றிப் பிரியவே அதிக வாய்ப்பு என்று மனதில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. யோசித்துக்கொண்டிருந்தால் மேசையில் மற்றவர்கள் பொறுமை இழப்பார்கள் என்றும் சொல்வார்கள். முதல் பிடியில் யோசிப்பவர் பிறகு வேகமாக ஆடுவார். மொத்த நேரம் குறையும். அதைவிட முக்கியமானது ஒன்று: எல்லாரும் யோசிக்கும் இடத்தில் யோசித்தால் எதிராளிக்கு எதுவும் தெரியாது, ஆட்டத்தின் நடுவில் ஒரு வகைச் சீட்டை ஆடும்போது தயங்கி நின்றால், சிக்கல் எங்கே என்று நாமே காட்டிக்கொடுக்கிறோம்.

இதைப் பழகக் கிளப்போ மற்ற மூன்று பேரோ இருந்தாக வேண்டியதில்லை. வீட்டில் ஒரு கட்டைக் கலைத்து நான்கு கையாகப் பகிருங்கள். எதிரெதிர் இரண்டு கைகளை மட்டும் திறந்து, உறுதியான பிடிகளை எண்ணுங்கள். குறைவது எத்தனை, அதற்கு எத்தனை வழி, எந்த வழியில் தோற்றாலும் அடுத்த வழி மிஞ்சும் என்று தாளில் எழுதுங்கள். அதற்குப் பிறகு மற்ற இரண்டையும் திறந்து ஆடிப் பாருங்கள். அடுத்த முறை மேசையில் டம்மி விரியும்போது, எடுக்க வேண்டிய சீட்டு ஒன்றே ஒன்றுதான் என்றாலும், எண்ணி முடிக்கும்வரை அதைத் தொடாதீர்கள்.